குளிருக்கும் தண்ணிக்கும் நடுவே ஒரு வால்வு

காலை ஏழே முக்காலுக்குப் போன் அடித்தால் அது வீட்டுக்காரர். எட்டு மணிக்கு அடித்தால் அது அண்ணன். இரண்டு வருஷமாக இதில் மாற்றமே கிடையாது. திரையில் பெயரைப் பார்க்கும் வேலைகூட அவளுக்கு மிச்சம்.

வீட்டுக்காரர் ஒரு விசித்திரப் பிறவி. ஒரே வீட்டில் எழுந்து, எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போவார். கரையோரத்து மீன் குளிர் அறைக்குப் போய்ச் சேர்ந்து, சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்த்த பிறகுதான் தனக்கு ஒரு பெண்டாட்டி இருப்பது அவருக்கு ஞாபகம் வரும்.

"பதினேழு காட்டுது."

"ம்."

"என்ன ம்? பதினேழு டிகிரியில பெட்டிக்குள்ள ஐஸ் நிக்குமா? சாயங்காலம் வண்டி வர்றதுக்குள்ள மீனெல்லாம் நீந்த ஆரம்பிச்சிடும்."

"நீந்தட்டும். உயிரோட இருந்தப்ப நீந்தினதுதானே."

"எந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்கே? மறைக்காம சொல்லு. தண்ணிப் பக்கம்தானே?"

"நடுவுலதாங்க இருக்கு. நேத்தும் நடுவுல, முந்தாநாளும் நடுவுல."

"நடுவுல இருந்தா எப்படிப் பதினேழு காட்டும்?"

அது தெரிந்தால் அவள் ஏன் மூன்று வாரமாக மண்டை காய்ந்து கிடக்கிறாள்? 'வைக்கிறேன்' என்று வைத்தாள். அதற்குள் எட்டு மணி ஆகிவிட்டது.

"தொட்டியில முழங்கால் அளவுகூடத் தண்ணி இல்ல," என்றார் அண்ணன். நலமா, சாப்பிட்டாயா என்று விசாரித்துப் பேச்சைத் தொடங்கும் ரகமில்லை அவர். "மாப்பிள்ளை பக்கம் திருப்பிட்டியா?"

"அண்ணே, இப்பதான் உன் மாப்பிள்ளை போன் பண்ணி உன் பக்கம் திருப்பிட்டியான்னு கேட்டார்."

"கேப்பாரு, கேப்பாரு. திருட்டுக் கொடுத்தவன் மாதிரி அவர்தான் முதல்ல கத்துவாரு. நீ வால்வு முள்ளைப் பார்த்துச் சொல்லு, எங்க நிக்குது?"

அவள் போனையே வால்வுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். "நீயே கேட்டுக்கோ. வால்வு, எங்கண்ணன் பேசறார், சொல்லு." பிறகு அதையும் வைத்தாள்.

அவளுடைய நியமனக் கடிதத்தில் 'வெயில் வெப்ப நிலைய ஆபரேட்டர்' என்று நீளமாகப் போட்டிருந்தது. ஊரில் யாருக்கும் அவ்வளவு நீளம் வாயில் நுழையாது. வால்வுக்காரி என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரிந்தால் அவள் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆனால் பெயர் என்னவோ சரியாகத்தான் இருந்தது. அவள் பிழைப்பு முழுவதும் அந்த ஒரு வால்வில்தான் தொங்கியது.

கொட்டகைக்குப் பின்னால் மணல்மேட்டில் வரிசை வரிசையாக நானூறு கண்ணாடித் தட்டுகள் வெயிலைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கும். அவற்றுக்குள் ஓடும் தண்ணீர் கொதிக்கிற பதத்துக்குக் கொஞ்சம் கீழே சூடாகிக் கொட்டகைக்குள் வரும். கொட்டகைக்குள் ஓர் ஆள் உயரத்துக்கு நாலு இரும்புக் கலம். அவற்றில் ஒன்றில் கடல் தண்ணீர் விழும். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட கலம் என்பதால், சூடே இல்லாமல் கடல் தண்ணீர் அதற்குள் ஆவியாகும். ஆவியாகிற வேகத்தில் பக்கத்துக் குழாயின் சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அந்தக் குழாய்தான் வீட்டுக்காரரின் குளிர் அறைக்குப் போகிறது. ஆவியைப் பிடித்து வைப்பதற்கு மணிகள் இருக்கின்றன, புதுச் செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலத்தில் வருமே, அதே மணிகள், மூட்டைக் கணக்கில். வெயிலில் காய்ந்த வெந்நீர் வந்து அந்த மணிகளைச் சுட்டால் பிடித்த ஆவியைக் கக்கிவிடும். அது ஆறினால் உப்பில்லாத நல்ல தண்ணீர். அது அண்ணனின் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து நூறு வீட்டுக்கு, வீட்டுக்கு இரண்டு குடம்.

ஒரே வெயில், அதில் குளிரும் வருகிறது, குடிதண்ணீரும் வருகிறது. திறப்பு விழாவில் இதைச் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். மேடையில் ஒருவரும் சொல்லாமல் விட்டது வால்வைப் பற்றி. வால்வை ஒரு பக்கம் திருப்பினால் தண்ணீர் கூடும், குளிர் குறையும். மறுபக்கம் திருப்பினால் குளிர் கூடும், தண்ணீர் குறையும். நடுவில் வைத்தால் இரண்டும் அளவோடு வரும். அளவோடு என்றால் யாருக்குத் திருப்தி? பிறந்த வீட்டுக்குத் தண்ணீர், புகுந்த வீட்டுக்குக் குளிர் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, நடுவில் ஒரு பெண்ணைக் கொண்டுபோய் உட்கார வைத்த புண்ணியவானை அவள் தினமும் வாழ்த்திக்கொண்டுதான் இருந்தாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு வருஷம் பொறுத்தாள். இப்போது மூன்று வாரமாக இரண்டும் சேர்ந்து இறங்குகிறது. தினம் மூவாயிரம் லிட்டர் கொடுத்த இயந்திரம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு டிகிரியில் இருந்த அறை பதினேழில் நிற்கிறது. இரண்டும் குறைகிறது என்று சொன்னால் இரண்டு பேரும் நம்பவில்லை. தன் பக்கம் குறைந்தால் எதிர்ப்பக்கம் கூடியிருக்க வேண்டும் என்பதுதான் இரண்டு மண்டைக்குள்ளும் ஊறிப்போன கணக்கு. அவள் இரண்டு பேரையும் கூப்பிட்டு எதிரெதிரே நிறுத்தி அளவுகளைக் காட்டினாள். "மாப்பிள்ளை வெப்பமானியை வெயில்ல வச்சிருப்பார்," என்றார் அண்ணன். "மச்சான் தொட்டியில ஓட்டை இருக்கும்," என்றார் வீட்டுக்காரர். போகும்போது இருவரும் ஒரே சைக்கிளில் போனார்கள் என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அவள் பார்க்காத இடம் பாக்கியில்லை. பம்பைக் கழற்றிப் பார்த்தாள். காற்று கசிகிறதா என்று இணைப்பு இணைப்பாகச் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். மணிகள் கெட்டுவிட்டனவோ என்று தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அங்கே ஒருவர் பாட்டு கேட்க வைத்துவிட்டுப் போனார். பாட்டு முடிந்ததும் இன்னொருவர் வந்து முதலிலிருந்து கேட்டார். வெளியே தூசிக் காலம் தொடங்கியிருந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் மத்தியானத்தில் கண்ணாடித் தட்டெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். வாரத்துக்கு இரண்டு முறை கழுவியதைத் தினமும் கழுவச் சொன்னாள். அப்படியும் குறைந்தது. தினமும் இரண்டு வேளை கழுவச் சொன்னாள். இன்னும் குறைந்தது.

இதற்கு நடுவில்தான் அந்தப் படிவம் வந்தது. வியாழக்கிழமை சோதனை அதிகாரி வருகிறார். எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை உட்கார்ந்து அளப்பார். மூவாயிரம் லிட்டர் தண்ணீரும் பதின்மூன்று டிகிரிக்கு மேல் போகாத குளிரும் ஒரே நாளில் வர வேண்டும். வராவிட்டால் இரண்டில் ஒன்றை நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள். எதை அடைப்பது என்று ஆபரேட்டர் பரிந்துரைக்க வேண்டும். படிவத்தின் அடியில் இரண்டே இரண்டு கட்டம். ஒன்றின் எதிரே 'குளிர்'. இன்னொன்றின் எதிரே 'தண்ணீர்'. ஒரு டிக் போடத்தான் இடம்.

குளிரில் டிக் போட்டால் கட்டின புருஷனின் பிழைப்புக்குப் பூட்டு. பிடித்த மீனை வெயில் ஏறுவதற்குள் கரையிலேயே யாராவது கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். தண்ணீரில் டிக் போட்டால் நூறு வீடு மறுபடியும் லாரிக்குக் காத்திருக்க வேண்டும். லாரி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கூடப் பிறந்தவர் பத்து வருஷம் அந்த லாரிக்கு வரிசை ஒழுங்குபடுத்தித்தான் தலை நரைத்தார். அந்தப் படிவத்தை அவள் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நடந்தாள். பை என்னவோ பழைய பைதான், தோள்தான் வலித்தது.

படிவத்தைப் பற்றித் தெரிந்ததிலிருந்து இரண்டு பேருடைய நடவடிக்கையும் மாறிவிட்டது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல்முறையாக வீட்டுக்காரர் அவளுடைய டீ டம்ளரைக் கழுவி வைத்தார். கழுவிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார், பார்த்தாயா என்கிற மாதிரி. அண்ணன் ஒரு குடம் தண்ணீரைத் தானே தோளில் தூக்கிவந்து வாசலில் இறக்கினார். "உனக்குன்னு தனியா எடுத்து வச்சேன்," என்றார். வாழ்நாளில் யாருக்கும் ஒரு டம்ளர் கூடுதலாக ஊற்றாத மனுஷர். அவளுக்கு இரண்டையும் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டினால்கூடத் தாங்கலாம் போலிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் கொட்டகையில் உட்கார முடியாமல் எழுந்து, மணல்மேட்டில் ஏறித் தட்டுகளுக்கு நடுவே நடந்தாள். அந்த வெயிலில் அங்கே ஒருவரும் போவதில்லை. வழக்கமாக அவளும் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. காலையில் கழுவின ஈரத்தில் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். இப்போது கிட்டத்தில் பார்த்தால் கண்ணாடியே தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தூசி என்றால் ஊதினால் பறக்க வேண்டும். ஊதினாள். பறக்கவில்லை. விரலால் தேய்த்தாள். சொரசொரவென்று நகத்தோடு வந்தது. அவள் விரலை நாக்கில் வைத்தாள்.

உப்பு.

பக்கத்துத் தட்டைத் தொட்டு நக்கினாள். உப்பு. நாலு தட்டு தள்ளிப் போய் நக்கினாள். அங்கேயும் உப்பு. நானூறு கண்ணாடியும் கருவாட்டுத் தட்டி மாதிரி உப்புப் பூத்துக் கிடந்தது. வெயில் உள்ளே எப்படிப் போகும்?

தட்டுகளைக் கழுவுகிற பெண்மணிக்கு வாளியக்கா என்று பெயர். எப்போது பார்த்தாலும் கையில் வாளி இருக்கும். அவளைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"அக்கா, எந்தத் தண்ணியில கழுவறீங்க?"

"கடல் தண்ணியிலதான்." வாளியக்கா கொஞ்சமும் தயங்கவில்லை.

"கடல் தண்ணியிலயா! யாரு சொன்னாங்க?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நானா?"

"தினமும் கழுவச் சொன்னீங்கல்ல, அன்னைக்கு. நல்ல தண்ணி கேட்டுப் போனேன். ஒரு வேளைக்கு ஐந்நூறு லிட்டரு. வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா சரி, தினமும் கண்ணாடிக்கு ஊத்த நான் என்ன ஆறா வச்சிருக்கேன்னு உங்கண்ணன் துரத்திவிட்டாரு. அவகிட்டப் போய்க் கேளுன்னாரு. உங்ககிட்ட வந்தேன். ஆளுக்கொரு காதுல போனை வச்சிக்கிட்டு ரெண்டு பேருகிட்டயும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. நல்ல தண்ணி இல்லையாம், கடல் தண்ணி போடட்டுமான்னு கேட்டேன். 'ஏதோ ஒரு தண்ணி, கழுவினாப் போதும், ஆளை விடு'ன்னீங்க."

அவளுக்கு ஒரு துளிகூட ஞாபகமில்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. ஆனால் 'ஆளை விடு' அவளுடையதுதான். அதை இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

"எங்க வீட்டுலயும் அப்படித்தானே," என்றாள் வாளியக்கா, அவள் முகம் போன போக்கைப் பார்த்து. "பாத்திரம், தரை, துணி எல்லாம் கடல் தண்ணி. கடைசிச் சொம்பு மட்டும் நல்ல தண்ணி. கண்ணாடிக்கும் கடைசிச் சொம்பு ஊத்தலாம்னுதான் பார்த்தேன். நானூறு சொம்புக்கு எங்க போறது?"

இதைத் தலைமை அலுவலகத்தில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நல்ல தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் வைத்து வளர்ந்த ஊரில் வேறு எப்படி யோசிப்பார்கள்? அவளே இந்த ஊரில் கடைசிச் சொம்புக்குச் சண்டை போட்டு வளர்ந்தவள்தான். அவளுக்குக் கோபம் வாளியக்கா மேல் வரவில்லை. மூன்று வாரமாகப் பம்பையும் புருஷனையும் அண்ணனையும் தலைமை அலுவலகத்தையும் திட்டித் தீர்த்த வாயை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் இரண்டு பேரையும் கொட்டகைக்கு வரவழைத்தாள்.

"கண்ணாடி முழுக்க உப்பு. கடல் தண்ணியில கழுவியிருக்கு. ஒரு தட்டு விடாம நல்ல தண்ணியில தேய்ச்சுக் கழுவினா நாளைக்கு ரெண்டும் வரும். ஆயிரத்தைந்நூறு லிட்டர் வேணும், இன்னைக்கே வேணும்."

"கடல் தண்ணியிலயா? எவன் சொன்னான்?" வீட்டுக்காரர் உடனே மச்சானைப் பார்த்தார். அண்ணன் வாளியக்காவைப் பார்த்தார்.

"நான் சொன்னேன்," என்றாள் அவள்.

அண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். பிறகு தன் தண்ணீர்க் கவலைக்குத் திரும்பிவிட்டார். "தொட்டியிலயே மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரம்தான். ஆயிரத்தைந்நூறு போனா அஞ்சு மணிக்கு நூறு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? மாப்பிள்ளை முதல்ல குளிரை நிறுத்தட்டும். வால்வை முழுக்க என் பக்கம் திருப்பு. ஊறுற தண்ணியில பாத்துக்கலாம்."

"நான் எதுக்கு நிறுத்தணும்? உள்ள நாப்பது பெட்டி இருக்கு. மச்சான் முதல்ல தண்ணியை இறக்கட்டும்."

"நீங்க முதல்ல பெட்டியை இறக்குங்க மாப்பிள்ளை."

"உங்க தண்ணிதானே மச்சான் முதல்ல வேணும்?"

அவள் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து மேஜைமேல் அறைந்தாள். பேனாவையும் அதன்மேல் போட்டாள்.

"இந்தாங்க. ரெண்டு கட்டம் இருக்கு. ரெண்டு வருஷமா 'எந்தப் பக்கம், எந்தப் பக்கம்'னு என் உயிரை எடுத்தீங்கல்ல? இப்ப நீங்களே போடுங்க. அண்ணே, நீ போடு. உன் மாப்பிள்ளை மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டுப் போடு, உங்க அறையை அடைச்சிடலாம்னு. இல்லன்னா நீங்க போடுங்க. எங்கண்ணன்கிட்டச் சொல்லிட்டுப் போடுங்க, ஊருக்குத் தண்ணி வேணாம்னு. இன்னைக்கு நான் கேக்கறேன், எந்தப் பக்கம்?"

இரண்டு பேரும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேனாவை ஒருவரும் தொடவில்லை. அவளிடம் தனித்தனியாகப் போனில் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! எதிரே ஆளை வைத்துக்கொண்டு ஒருமுறைகூடக் கேட்டதில்லை. முதலில் அசைந்தது வீட்டுக்காரர். போனை எடுத்து, வண்டியைச் சீக்கிரமாக, மூன்றரைக்கே அனுப்பச் சொன்னார். "பாதிப் பெட்டிதான் ஏறும். மீதியைக் கரையில குடுத்துடறேன்," என்றார் யாரையும் பார்க்காமல். அண்ணன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தொட்டியைத் திறக்கப் போனார்.

சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று வெயில் சாயும் வரை காத்திருந்து கழுவினார்கள். வாளியக்கா ஊற்ற, மற்ற மூன்று பேரும் தேய்த்தார்கள். அண்ணன் ஒவ்வொரு வாளிக்கும் "பாத்து, பாத்து" என்று முனகினார், ஏதோ அவர் ரத்தத்தை ஊற்றுகிற மாதிரி. ஐந்து மணிக்கு ஓடிப்போய், வீட்டுக்கு அரைக் குடம்தான் என்று சொல்லி, நூறு வீட்டிலும் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து மறுபடியும் தேய்த்தார். "மச்சான், மூலையில விட்டுட்டீங்க." "உங்க வரிசையைப் பாருங்க மாப்பிள்ளை." இருட்டுவதற்குள் நானூறும் முடிந்தது. அவள் விரல்களில் தோல் உரிந்திருந்தது.

வியாழக்கிழமை சோதனை அதிகாரி குடையோடு வந்தார். வெயிலில் ஓடும் இயந்திரத்தைச் சோதிக்க வந்தவருக்கு வெயில் ஆகாது போலிருக்கிறது. எதைச் சொன்னாலும் "பார்ப்போம்" என்பார். பத்து மணிக்கு வெந்நீரின் சூடு மூன்று வாரமாக எட்டாத இடத்தைத் தொட்டபோது அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. "நல்லா ஏறுதுங்க," என்றாள். "பார்ப்போம்," என்றார். வால்வு நடுவில் நின்றது. அன்றைக்கு ஏழே முக்காலுக்கும் போன் வரவில்லை, எட்டு மணிக்கும் வரவில்லை. இரண்டு பேரும் கொட்டகை வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு மூவாயிரத்து இருபது லிட்டர். அறை பன்னிரண்டரை. அதிகாரி தன் சொந்த வெப்பமானியில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"தேறிடுச்சு. கட்டம் போட வேண்டியதில்ல. ஆனா மூணு வாரம் குறைஞ்சிருக்கே, அதுக்குக் காரணம் எழுதணும்." பேனாவை நீட்டினார். "தூசின்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடறது."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. பேனாவை வாங்கினாள். அப்புறம் என்னவோ தோன்றிக் கேட்டாள், "தூசின்னு போட்டா ஒண்ணும் ஆகாதுங்களே?"

"ஒண்ணும் ஆகாது. தூசிக் காலத்துல மட்டும் குளிரை நிறுத்தி வைப்பாங்க. வருஷத்துக்கு நாலு மாசம்தானே?"

நாலு மாசம்தானே! "இயந்திரக் கோளாறுன்னு போட்டா?"

"கழட்டிக்கிட்டுப் போயிடுவாங்க."

"ஆள் தப்புன்னு போட்டா?"

"எந்த ஆள்னு எழுதணும்."

எந்த ஆள்? கழுவின ஆள் என்றால் வாளியக்கா இன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தண்ணீர் தர மறுத்த ஆள் என்றால் அண்ணனின் சாவிக்கொத்து வேறு கைக்குப் போகும். இரண்டும் முழுப்பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. கேட்க வந்த வாளியக்காவை அவள் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. அவள் எழுதினாள்: 'கண்ணாடிகளைக் கடல் தண்ணீரால் கழுவ நான் அனுமதித்தேன்.' கீழே கையெழுத்துப் போட்டாள். இதைத் தியாகம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் அறைந்திருப்பாள். நடந்தது அதுதான், வேறு எதை எழுதுவது? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன, அவ்வளவுதான்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். முதல்முறையாக 'பார்ப்போம்' சொல்லவில்லை. "விதிப்படி உங்களை மூணு மாசம் நிறுத்தி வைக்கணும்மா," என்றார் கொஞ்சம் சங்கடத்தோடு. "நாளைக்குத் தலைமை அலுவலகத்துலேர்ந்து ஆள் வரும்."

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்ததும் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

"குளிர் இருக்கா?"

"தண்ணி?"

"ரெண்டும் இருக்கு. நான்தான் மூணு மாசம் இருக்க மாட்டேன்."

முன்பாதிதான் அவர்கள் காதில் விழுந்தது. வீட்டுக்காரர் மச்சானின் முதுகில் ஓங்கித் தட்டினார். அண்ணன் பல் தெரியச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. பின்பாதி மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தது.

"மூணு மாசமா? அப்ப வால்வை யாரு பாப்பாங்க?" என்றார் வீட்டுக்காரர். "புது ஆளா? எந்தப் பக்கத்து ஆளு?"

அவ்வளவுதான், அவளுக்கு வந்ததே கோபம். "எந்தப் பக்கமா? இன்னமும் எந்தப் பக்கமா? வேலை போச்சுங்கறேன், ஏன் போச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உங்களுக்கு? ரெண்டு வருஷமா நான் ஒரு மனுஷின்னே உங்க ரெண்டு பேருக்கும் தெரியல. வால்வுல கை முளைச்சிருக்குன்னு நெனச்சிட்டீங்க. போங்க, ஆளுக்கொரு பக்கமாப் போங்க!"

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"என்ன எழுதினே?" என்றார் மெல்ல.

"நான் கழுவச் சொன்னேன்னு."

"நான் தண்ணி தர மாட்டேன்னதை?"

"எழுதல."

"ஏன்?"

"எழுதினா அந்தக் குழாயடியில யாரு நிப்பா? உன் மாப்பிள்ளையா?"

கொட்டகைக்கு அந்தப்பக்கம் அதிகாரியின் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அண்ணன் சட்டென்று இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து அவள் கையில் திணித்தார். பெண்டாட்டி கையில்கூடக் கொடுக்காத சாவி அது. திணித்துவிட்டு ஓடினார். ஐம்பத்தைந்து வயசு மனுஷர், ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணல் பாதையில் ஜீப்புக்குப் பின்னால், "சார்! நில்லுங்க சார்! நான்தான் சார்!" என்று கத்திக்கொண்டே ஓடினார். அதிகாரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினார். வழியனுப்ப ஓடி வருகிறார் என்று நினைத்திருப்பார். ஜீப் நிற்கவில்லை. அண்ணனும் நிற்கவில்லை.

"உங்கண்ணன் எதுக்கு இப்படி ஓடறார்?" என்றார் வீட்டுக்காரர், ஒன்றும் புரியாமல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "ஓடட்டும், விடுங்க," என்றாள்.

மணி ஐந்து ஆகிக்கொண்டிருந்தது. அரைக் குடத்தோடு நேற்றுத் திரும்பிப் போன நூறு வீடும் குழாயடியில் கூடியிருக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். பத்தடி போன பிறகு பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார்.

"வண்டி வந்திடுமே உங்களுக்கு?"

"வரட்டும். கொஞ்ச நேரம் நிக்கும்." சொல்லிவிட்டு அவர் முன்னால் போய் வரிசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். அவள் கொத்தில் எந்தச் சாவி என்று தேடி, மூன்று சாவி போட்டுப் பார்த்து, நாலாவது சாவியில் பூட்டைத் திறந்தாள்.

"எத்தனை குடம் இன்னைக்கு?" என்றாள் வரிசையில் முதலில் நின்றவள்.

"ரெண்டு," என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டாள்.